ஆடு தின்ற எழுத்து

"சாமி, இவளுக்கு இவ பேரையே எழுதத் தெரியல."

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே, மூத்த மகளை முன்னால் நிறுத்தி இருளாயி சொல்லிவிட்டாள்.

சாமி பாறைமேல் உட்கார்ந்திருந்தார். குந்துன சாமி என்பது ஊர் வைத்த பெயர். அவர் எழுந்து நின்றதைக் கண்டவர் இல்லை. ஒருமுறை மடத்துக் கூரை பற்றிக்கொண்டது. "தண்ணி ஊத்துங்க" என்றார், உட்கார்ந்தபடியே. ஒருமுறை மந்திரி வந்தார். மந்திரிக்குத்தான் கால் வலித்தது.

"ஏன் தெரியல?" என்றார் சாமி.

"ஆடு தின்னுருச்சு சாமி."

"பேரையா?"

"எழுத்தை."

சாமி முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

இருளாயிக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பஞ்சவர்ணம், சின்னவள் மயிலு. புருஷன் சேவுகன் ஆட்டுக் கிடைக்காரன். புல் இருக்கும் இடத்தில் ஆடு, ஆடு இருக்கும் இடத்தில் வீடு. எந்தப் பள்ளிக்கூடமும் பின்னாலேயே நடந்து வரவில்லை.

ஒரு செம்பு ஆட்டுப்பால் கொடுத்துப் பழைய பேப்பர் கடையில் இருளாயி ஓர் எழுத்து அட்டை வாங்கினாள். முன்பக்கம் எழுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். பின்பக்கம் வாய்ப்பாடு. காய்ந்த கண்மாய்தான் சிலேட்டு. கணக்குக்கு ஆடுகள். ஆடுகள் ஓரிடத்தில் நிற்காததால் கூட்டல் மட்டும் கொஞ்சம் ஓடிப்பிடித்துப் போட வேண்டியிருந்தது.

இருளாயிக்கும் படிக்கத் தெரியாது. அது அவளுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. படத்தைப் பார்த்து அவள் கற்றாள், அவளைப் பார்த்துப் பிள்ளைகள் கற்றார்கள். ஒட்டகத்தைக் கூன் விழுந்த ஆடு என்று நினைத்ததில், 'ஒ' சில நாள் 'கூ' ஆக இருந்தது. ஒட்டன்சத்திரம் பஸ்ஸின் கண்டக்டர் கத்தி அதைத் திருத்திவைத்தார்.

அட்டையில் வரிசைக்கு நாலு கட்டம். க, ங, ச. நாலாவது ஓரத்தில் இருந்தது. அதை ஒரு வெள்ளாடு கடித்துக்கொண்டு போய்விட்டது. பின்பக்கம் போனது பதினாறாம் வாய்ப்பாடு. அதற்காக யாரும் அழவில்லை. அன்றிலிருந்து அந்த ஆடு, கூப்பிட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வந்தது.

தஞ்சாவூர் பஸ் அந்தப் பக்கம் வருவதில்லை. வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நான் அப்பவே சொன்னேன் சாமி," என்றான் சேவுகன். சின்னவளோடு பின்னால் ஏறி வந்திருந்தான், தோளில் பெரியவளின் துணிமூட்டை. "கெடைக்குப் பின்னால அலையிற புள்ளைக்கு என்ன படிப்பு? எங்கக்கா கீழ பஸ்ஸுக்கு நிக்குது. அது வீட்டுல இருந்து பள்ளிக்கூடம் போகட்டும்."

"பள்ளிக்கூடம் போகவா? உங்கக்கா சாப்பாட்டுக் கடையில சட்டி கழுவவா?"

"ரெண்டுந்தான்."

"ஏய்யா, அந்த ஆட்டைக் கட்டிப் போட்டிருந்தா எம்புள்ளைக்கு எழுத்து போயிருக்குமா?"

"என் ஆட்டை ஒண்ணும் சொல்லாத."

இருளாயி சாமியின் பக்கம் திரும்பினாள். "தன் பேரைத் தப்பில்லாம எழுதிட்டா இங்கனயே இருக்கட்டும்னு நேத்து எல்லார் முன்னாடியும் இவரு சொன்னாரு சாமி. இவ எழுதினா. நடுவுல ஓட்டை."

"கீழ யாரையும் கேக்கலையா?"

"இம்புட்டுப் பெரிய புள்ளைக்குப் பேரெழுதத் தெரியாதான்னு ஊரே சிரிக்கும் சாமி. நீங்க சிரிக்க மாட்டீகன்னு வந்தேன். அந்த ஒரு எழுத்தை மட்டும் சொல்லிருங்க."

"சொல்ல மாட்டேன்."

"ஏன் சாமி?"

"சொன்னா தெரிஞ்சிரும்."

"தெரியத்தானே வந்தோம்!"

சாமி காதைக் குடைந்துகொண்டார்.

பிறகு பஞ்சவர்ணத்தைப் பார்த்து மண்ணைக் காட்டினார். அவள் குந்தி எழுதினாள். ப. ஒரு விரற்கடை இடம். ச, வ, ர், ண, ம்.

"ஏன் இடம் விட்ட?"

"அங்க ஒண்ணு இருக்கு. சத்தம் கேக்குது. உருவந்தான் தெரியல."

சாமி மடத்து வாசலைக் காட்டினார். யாரோ பக்தர் எழுதி மாட்டிய பலகை. 'ஞானியார் மடம்.'

"அதைப் படி."

பஞ்சவர்ணம் முதல் எழுத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவள் மயிலுக்குப் பொறுக்கவில்லை. "மே... னியார் மடம்!" என்று கத்தினாள்.

இருளாயி தலையில் கைவைத்தாள். "அட்டையில இல்லாத எழுத்து எங்கனயாவது வந்துச்சுன்னா அப்படித்தான் சாமி படிப்போம். ஆடு தின்னதுதானே. ஆடு மாதிரி கத்திட்டு மேல போயிருவோம்."

சாமி சிரித்தார். அவர் சிரித்ததில் மலையிலிருந்து இரண்டு பாறை உருண்டன என்பார்கள். மிகைப்படுத்துகிறார்கள். ஒன்றுதான்.

"உன் பேரு என்ன?" என்றார்.

"பஞ்சவர்ணம்."

"என்ன?"

"பஞ்சவர்ணம்."

"என்னது?"

"உங்களுக்குக் காது கேக்காதா சாமி?"

"ஏய்!" என்றாள் இருளாயி.

"கேக்காது," என்றார் சாமி. "மெதுவாச் சொல்லு."

கீழே பஸ் ஹாரன் அடித்தது. சேவுகன் மூட்டையைத் தோள் மாற்றினான். "வந்துருச்சு. வா தாயி, போவோம்."

பஞ்சவர்ணம் நகரவில்லை.

"பஞ்ஞ்ஞ்..." என்றாள்.

அங்கேயே நின்றாள். மூக்கின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். அந்தச் சத்தம் அங்கே வண்டுபோல் அதிர்ந்துகொண்டிருந்தது. மண்ணில் விட்ட இடத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். மறுபடியும் மண்ணை.

"அம்மா," என்றாள் மெதுவாக. "இங்க சத்தம் இருக்கு, உருவம் இல்ல. அங்க உருவம் இருக்கு, சத்தம் இல்ல."

மலைச்சரிவில் ஆடுகள் அசைபோடுவதை நிறுத்தின. நம்பாதவர்கள் ஆடுகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

அவள் மறுபடி குந்தினாள். பலகையில் இருந்த வளைவுகளை ஒவ்வொன்றாக மண்ணில் இறக்கினாள். தனியாக முனகும் எழுத்துக்கெல்லாம் தலையில் புள்ளி உண்டென்று அவளுக்குத் தெரியும். ஒரு புள்ளி வைத்தாள்.

பஞ்சவர்ணம்.

இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரியா சாமி?" என்றான் சேவுகன்.

சாமி மறுபடியும் காதைக் குடைந்துகொண்டார்.

"இருங்கப்பா," என்றாள் பஞ்சவர்ணம். "அந்தச் சத்தத்தை அங்க போட்டுப் பாக்குறேன். சரின்னா அதுவும் பேசும்."

பலகைக்கு நேராகப் போய் நின்றாள். மயிலுகூடக் கத்தவில்லை.

"ஞா... னி..."

எழுத்து பேசிவிட்டது. அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டாள். பிறகுதான் மிச்சம் வந்தது.

"யார்?"

அவள் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். "ஞானி யார்னு கேட்டு எழுதியிருக்கு அம்மா."

கீழே பஸ் இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போனது. சேவுகன் தோளிலிருந்த மூட்டை எப்போது கீழே இறங்கியது என்று அவனுக்கே தெரியாது. அவன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குந்துன சாமி எழுந்து நின்றார்.

துண்டை எடுத்துப் பாறையைத் தட்டினார். இருளாயியைப் பார்த்தார்.

"உக்காரு தாயி."