புழு இல்லாத சோதனை வயல்

மலைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு காட்டில் கோதுமை விளைந்தது. காட்டில் ஏது கோதுமை என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மற்றவர்கள் கேளுங்கள். பனி விலகும்போது விதைப்பார்கள், வெயில் ஏறும்போது அறுப்பார்கள். முயல், அணில், எலி, காட்டுக்கோழி எல்லாவற்றுக்கும் வருஷம் முழுக்க அதுதான் சாப்பாடு.

அந்தக் காட்டுக்கு ராஜா சிங்கம். சிங்கம் கோதுமையை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தக் கோதுமையை விதைக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது அதுதான். ராஜா என்றால் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு வருஷமாக அங்கே இலைப்புழு வந்துகொண்டிருந்தது. பயிரில் ஏறி இலையைச் சுரண்டித் தின்னும். இலை வெளுத்துப் போகும், கதிர் பதராகும். இதில் மிகவும் அடிபட்டது ஒரு தாய் முயல். அதன் வளையில் குட்டிகள் நிறைய, விதை கொஞ்சம். ஒரே ஒரு விதைப்புக்குத்தான் வரும். குட்டிகள் பசி பசி என்று அழுதபோதும் அந்த விதையில் அது கை வைக்கவில்லை. இந்த முறையும் விளைச்சல் பொய்த்தால் காட்டை விட்டு மலையைத் தாண்டிப் போக வேண்டியதுதான். மலைக்கு அந்தப் பக்கம் ஓநாய்கள் இருந்தன.

குடிகள் கூடி முறையிடவே, சிங்கம் நாரையைக் கூப்பிட்டது. புழு தின்னாத கோதுமை எது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கட்டளையிட்டது. நாரைக்குப் பொறுமை அதிகம். பயம் அதைவிட அதிகம்.

நாரை வேலையை ஒழுங்காகத்தான் தொடங்கியது. பல காடுகளுக்குப் பறந்து விதவிதமான விதைகளைக் கொண்டுவந்தது. ஒரே வயலில் ரகத்துக்கு ஒரு வரிசையாக விதைத்தது. நடுநடுவே புழுவுக்கு ரொம்பப் பிடித்த ஓர் இளசான ரகத்தையும் போட்டது. அதைத் தேடி வருகிற புழு மற்றதையும் ருசி பார்க்கட்டும் என்று எண்ணம். அதுவும் போதாமல், பக்கத்து வயல்களிலிருந்து புழுக்களை இலையோடு கொத்திவந்து பயிரில் விட்டது.

பார்த்த எலிகள், நாரைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிரித்தன. பைத்தியமா பிள்ளைகளே? புழு எதைத் தின்னாது என்று தெரிய வேண்டுமானால், புழுவைத் தின்ன விட்டுத்தானே பார்க்க வேண்டும்?

புழுக்கள் வஞ்சனை இல்லாமல் தின்றன. வயல் பார்க்கவே பாவமாக இருந்தது. உயரமாய்த் தளதளவென்று வளர்ந்த ஒரு ரகம்தான் முதலில் காலியாயிற்று. ஓரமாக ஒரு சடைக் கோதுமை இருந்தது. குட்டை, கோணல், இலை முழுக்க மயிர். அதில் ஏறின புழு மயிரில் மாட்டி, தின்ன முடியாமல் சலித்துப்போய் இறங்கிவிட்டது. நாரைக்கு மனசு குளிர்ந்தது. கதிர் முற்றுகிற வரை பார்த்துவிட்டு ராஜாவிடம் போய்ச் சொல்லலாம் என்று காத்திருந்தது.

அதற்குள் சிங்கமே வயலைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. வந்தது வினை. ராஜா வருவதற்கு முன்னால் மந்திரி வந்து பார்ப்பது அந்தக் காட்டு வழக்கம். மந்திரி மயில். எங்கே எது அழகாக இல்லையோ, அது தனக்கே நேர்ந்த அவமானம் என்று நினைக்கிற பிறவி.

"என்ன கோலம் இது? ராஜா கால் வைக்கிற வயலில் புழுவா?" என்றது மயில்.

"மந்திரி அவர்களே, புழுவுக்காகத்தானே இந்த வயலே போட்டிருக்கிறோம்" என்றது நாரை.

"ராஜா வந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் உன் புழுவை நீயே மடியில் வைத்துக் கொஞ்சிக்கொள்."

நாரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. முன்பு மயிலை எதிர்த்துப் பேசிய ஆந்தையைப் பட்டப்பகலில் காவல் காக்கப் போட்டிருந்தார்கள். பாவம், அது கண்ணைத் திறக்க முடியாமல் மரத்துக்கு மரம் முட்டிக்கொண்டிருந்தது. அது ஞாபகம் வந்ததும் நாரை வாயை மூடிக்கொண்டது.

மயில் ஒரு கூட்டம் மைனாக்களை வரவழைத்தது. மைனாக்கள் ஒரு புழு விடாமல் பொறுக்கித் தின்று ஏப்பம் விட்டன. வெளுத்த பயிரையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, நாரை கொண்டுவந்த விதையில் மிச்சத்தைப் போட்டு வளர்த்திருந்த அரண்மனைத் தோட்டத்திலிருந்து அதே ரகங்களில் பச்சைப் பயிராகப் பெயர்த்து வந்து நட்டார்கள். வரப்புக்குச் செம்மண் பூசினார்கள், மாவிலைத் தோரணம் கட்டினார்கள். சடைக் கோதுமையை என்ன செய்தும் அழகாக்க முடியவில்லை. அதற்கு முன்னால் ஒரு பூச்செடியை வைத்து மறைத்துவிட்டார்கள்.

சிங்கம் வந்தது. வயல் முழுக்க ஒரே பச்சை. "புழு எங்கே?" என்று கேட்டது.

"தங்கள் பெயரைக் கேட்டதுமே ஓடிவிட்டது அரசே" என்றது மயில்.

சிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்படியானால் எல்லா ரகமும் புழுவை வென்றுவிட்டதா என்று விசாரித்தது. எல்லாமே வென்றுவிட்டன என்றது மயில். எல்லாமே வென்றால் எதை எடுப்பது? சிங்கம் கொஞ்சம் யோசித்தது. தன் பிடரி உயரத்துக்கு எது வளர்ந்திருக்கிறதோ அதை எடுக்கலாம் என்று தீர்மானித்தது. அந்த உயரமான தளதள ரகம்தான் அப்படி நின்றது. அதற்குச் சிம்மப் பசும்பொன் என்று அங்கேயே பெயர் வைத்தார்கள். நாரைக்கு ஒரு மாலை போட்டார்கள். நாரையும் நீளக் கழுத்தை இன்னும் நீட்டி வாங்கிக்கொண்டது.

அடுத்த விதைப்புக்குக் குடிகள் எல்லோரும் கையில் இருக்கும் பழைய விதையைக் கொடுத்துவிட்டுச் சிம்மப் பசும்பொன்னை வாங்கிக்கொள்ளலாம் என்று மயில் அறிவித்தது. அரண்மனை விதை என்றால் சும்மாவா? முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள். முயலுக்கு மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அது நாரையைத் தேடிக் குளக்கரைக்குப் போயிற்று.

"நாரையக்கா, என்னிடம் இருப்பது கடைசி விதை. இதுவும் போனால் என் பிள்ளைகளுக்கு ஒன்றுமே இல்லை. நீங்கள்தான் அந்த வயலிலேயே நின்று பார்த்தவர். உங்கள் குஞ்சுகளுக்கு என்றால் நீங்கள் எதை விதைப்பீர்கள்?"

நாரை அப்படியும் இப்படியும் பார்த்தது. எதிர்க் கிளையில் மயில் தோகையைக் கோதிக்கொண்டிருந்தது.

"ராஜா சொன்னதை விதைத்தால் தப்பு வராது தங்கச்சி" என்றது நாரை.

யாருக்குத் தப்பு வராது என்று அது சொல்லவில்லை. இத்தனை அனுபவம் உள்ள அக்காவே சொல்கிறது, இனி என்ன பயம் என்று முயல் நிம்மதியோடு போய் விதையை மாற்றிக்கொண்டது.

பயிர் தளதளவென்று வந்தது. புழுவும் வந்தது. கதிர் பால் பிடிப்பதற்குள் காடு முழுக்க வெளுத்துவிட்டது. முயல் குட்டிகள் கதிரைக் கசக்கிப் பார்த்தன. உமிதான் பறந்தது.

சபை கூடியது. கோதுமையில் ஒரு குறையும் இல்லை, அது அரண்மனைச் சோதனையில் தேறிய ரகம், குடிகளுக்குத்தான் வளர்க்கத் தெரியவில்லை என்று மயில் பேசியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சிங்கமும் தலையாட்டியது. சோதனை நடந்தபோது வராமல் ஒளிந்திருந்துவிட்டு, பிறகு வந்து தின்ற புழுக்களைக் கண்டித்து ஒரு தீர்மானம் போட்டது. சபை கைதட்டியது. வரும் பருவத்தில் புதிய சோதனை வைப்பதாகவும், அதற்கு நல்ல ஒழுக்கமுள்ள புழுக்களாகத் தானே பார்த்து அழைத்து வருவதாகவும் மயில் வாக்குக் கொடுத்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

முயல் கைதட்டவில்லை. சபை கலைந்ததும் நாரையின் எதிரில் வந்து நின்றது.

"அக்கா, இந்த ரகத்தைப் புழு தின்னும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா?"

 "தெரியும்" என்றது நாரை.

"ஏன் சொல்லவில்லை?"

"சபையில் யாரும் என்னைக் கேட்கவில்லையே அம்மா."

"நான் கேட்டேன்" என்றது முயல்.

 சடைக் கோதுமையில் ஒரு பிடி பத்திரமாக எடுத்து வைத்திருப்பதாகவும், அடுத்த பனி விலகியதும் அதை விதைக்கலாம் என்றும் நாரை தட்டுத்தடுமாறிச் சொன்னது. அதுவரை என் பிள்ளைகள் எதைத் தின்பார்கள் என்று முயல் கேட்டது. 

 குட்டிகளைக் கூட்டிக்கொண்டு முயல் மலைப்பாதையில் ஏறியது. நடக்க முடியாத சின்னதை முதுகில் ஏற்றிக்கொண்டது. நாரை கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தது. முயல் திரும்பிப் பார்க்கவில்லை.

நீதி: குறையைத் துடைத்துவிட்டு வைக்கிற சோதனையில் எல்லோரும் தேறிவிடுவார்கள், அது தெரிந்தும் வாய் மூடி நிற்பவர் ஏழையின் வயிற்றில் அடிக்கிறார்.