பந்தியில் மடித்த இலை

"நில்லுன்னா நிற்க மாட்டேங்குது மேடம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன், ஒரே போடா கொன்னுட்டேன்" என்றார் கோதண்டம்.

பயப்படாதீர்கள், கொன்றது கம்ப்யூட்டர் சர்வரை. ஒரு திருமணத் தகவல் மையத்தின் அத்தனை வரன்களும் அதில்தான் பதிவாகி இருந்தார்கள்.

வேலை கற்றுக்கொள்ளும் சீடர் கோதண்டத்துக்கு ஐம்பது வயது. குரு ஜெசிந்தாவுக்கு முப்பது. கம்ப்யூட்டர் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

"கொன்னதுல என்ன ஆச்சு?"

"பதிஞ்சுக்கிட்டிருந்தது பாதியில அறுந்துபோச்சு. ஒரு மாப்பிள்ளைக்கு ராசி இருக்கு, நட்சத்திரம் இருக்கு, சம்பளம் இருக்கு. மாப்பிள்ளையைக் காணோம்."

"அப்புறம்?"

"ரெண்டு பொண்ணு வீட்ல அவரைப் பிடிச்சிருக்குங்கறாங்க."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. பெரிய மனசு.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுக்குப் போயிடுன்னு முதலாளி சொல்லிட்டார். பொண்ணு காலேஜ்ல படிக்குது மேடம். சாயங்காலம் பராமரிப்புக்காக மறுபடி சர்வரை நிறுத்தணும். நிறுத்துன்னா அது ஏன் உடனே நிற்க மாட்டேங்குது?"

"வாங்க, சாப்பிடப் போகலாம்."

மையம் சேர்த்து வைத்த ஜோடிக்கு அன்று கல்யாணம். இருவரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். கோதண்டம் சாம்பார் சாதத்தைப் பிசைந்து முதல் வாய் எடுத்தார்.

ஜெசிந்தா அவர் இலையை மடித்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்தவர் சட்டென்று தன் இலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேடம் இது? சாப்பிடறவன் இலையை மடிப்பாங்களா?"

"மண்டபத்தைப் பூட்டணுமாம்."

"பூட்டட்டும், யார் வேண்டாம்னா? புதுசா ஆளை உட்கார வைக்காதீங்க, அவ்வளவுதான். உட்கார்ந்தவன் ரசம், பாயசம், மோர்னு முடிச்சு, கை கழுவிட்டுத் தானா எழுந்து..."

கோதண்டம் நிறுத்தினார். கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது.

ஜெசிந்தா அவருக்கு வேறு இலை போடச் சொன்னாள். அப்பளம் கூடுதலாக வைக்கச் சொன்னாள்.

சாயங்காலம் கோதண்டம் சர்வரிடம், புதிதாக யாரையும் உள்ளே விடாதே, இருப்பவர்கள் முடித்ததும் நில் என்று கட்டளை கொடுத்தார். அது நிற்கவில்லை. உள்ளே யாரோ ஒரு ஜாதகத்தைப் பதிந்துகொண்டிருந்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலாளி போன் செய்தார்.

"இன்னுமாய்யா நிறுத்தறே? ஒயரைப் பிடுங்கித் தொலை."

"முடியாது சார்."

"ஏன்?"

"கடைசி ஆளுக்கு இப்பத்தான் மோர் ஊத்தறாங்க."