சட்டி சொன்ன ஒரே பொய்

அந்தக் காலத்தில் சட்டி பானைகள் பேசும். சும்மா பேசாது, வாயாடும். சந்தைக்குப் போனால் மனுஷர் சத்தத்தைவிடப் பாத்திரங்களின் சத்தம்தான் காதைத் துளைக்கும். ஆனால் ஒன்று, அவற்றுக்குப் பொய் தெரியாது. வாங்க வந்தவர் எதிரே குந்தி "உனக்கு என்ன குறை?" என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். அதனால் யாரும் தொட்டுப் பார்த்து வாங்கியதில்லை. கேட்டுத்தான் வாங்குவார்கள்.

அப்படி ஒரு சந்தைக்கு உண்ணாமலை வந்தாள். வந்தாள் என்றா சொன்னேன், ஓடி வந்தாள். அவளுக்கு எப்போதுமே ஓரிடத்தில் கால் பாவாது. உலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள், வாசலில் நின்று உலையை நினைப்பாள். அன்றைக்கு இன்னும் மோசம். காரணம் அவள் அப்பா தீர்த்தமலை.

அவர் பார்த்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லி, ஆடு மேய்க்கிற சென்றாயனைக் கட்டிக்கொண்டு அவள் தனிக்குடித்தனம் போனதிலிருந்து, "உன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்று மனுஷர் முறுக்கிக்கொண்டிருந்தார். இப்போதுதான் கொஞ்சம் இறங்கி வந்து, "ஒரு வேளை சாப்பிடுகிறேன். குழம்பு சரியில்லை என்றால் எழுந்து வந்துவிடுவேன், அப்புறம் நீ யாரோ நான் யாரோ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்குப் பிடித்தது கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, புளி தூக்கலாக. அவள் வீட்டில் இருந்த ஒரே குழம்புச் சட்டியையோ ஆட்டுக்கிடா முட்டி உடைத்துவிட்டது. மிச்சம் ஒரு சோற்றுப் பானையும் பித்தளைக் குடமும்தான்.

"வா தாயி" என்றது பித்தளை உருளி. "என்னைத் தேய்ச்சு வச்சா உன் முகத்தைப் பார்த்துக்கலாம்."

"புளிக்குழம்புக்கு நீ ஆகுவியா?"

"அதுக்கு ஆக மாட்டேன். உள்ளே பூசின ஈயம் தேய்ஞ்சு போச்சு. புளி பட்டா களிம்பு ஏறும். சாப்பிட்டவங்களுக்கு வயித்தைப் புரட்டும்."

அடுத்தது இரும்புச் சட்டி. "வறுக்கவும் வதக்கவும் என்னை அடிச்சுக்க ஆள் இல்லை. புளியை மட்டும் என்கிட்டே கொதிக்க விடாதே. குழம்பு மை மாதிரி கறுத்துடும்."

கல்சட்டி நிதானமாகப் பேசியது. "நான் ஆவேன். என்கிட்டே வச்ச குழம்பு மறுநாளும் ருசி மாறாது. ஆனா எண்ணெய் தடவி, கஞ்சி ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா சூடு காட்டிப் பழக்கணும். விருந்து எப்போ?"

"நாளை மறுநாள்."

"ஆகாது தாயி. அவசரத்துல அடுப்புல ஏத்தினா வெடிச்சுடுவேன். உன்னைப் பார்த்தா ஆற அமரப் பழக்கற ஆளாவும் தெரியலை."

உண்ணாமலைக்கு அழுகை முட்டியது. திரும்பினாள். கடைக்கோடியில் ஒரு மண்சட்டி தனியாகக் கிடந்தது.

அந்தச் சட்டிக்குச் சூளையிலேயே மயிரிழை போல ஒரு விரிசல் விழுந்திருந்தது. ஒவ்வொரு சந்தையிலும் யாராவது கேட்பார்கள், அது உண்மையைச் சொல்லும், அவர்கள் போய்விடுவார்கள். கூடப் பிறந்த சட்டிகளெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் குழம்பு கொதிக்கக் கொதிக்க இருந்தன. இது மட்டும் வெயிலில் காய்ந்தது.

"உனக்கு என்ன குறை?" என்று கேட்டாள் உண்ணாமலை. கேட்கும்போதே கண் வழிந்தது.

சட்டி அவள் முகத்தைப் பார்த்தது. "ஒரு குறையும் இல்லை" என்றது.

உலகத்தில் ஒரு சட்டி சொன்ன முதல் பொய் அதுதான். கடைசிப் பொய்யும் அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுச் சட்டியைப் பழக்க அவள் அதில் கஞ்சி ஊற்றிக் காய்ச்சினாள். கஞ்சிப் பசை விரிசலை அடைத்துக்கொண்டது. அவள் உள்ளுக்கும் வாசலுக்கும் நடக்க, சட்டி சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தது. "உட்காரு தாயி. நீ நடந்து நடந்து தரை தேயுது."

விருந்து நாளும் வந்தது. தீர்த்தமலை வந்தார், துண்டைக்கூடத் தோளிலிருந்து எடுக்காமல் இலைமுன் உட்கார்ந்தார். சென்றாயன் கையைப் பிசைந்துகொண்டு வாசலிலேயே நின்றான். குழம்பு மணந்தது. அடுப்பிலிருந்து திடீரென்று "சுர்" என்று ஒரு சத்தம். பார்த்தால் சட்டியின் வயிற்றில் ஈரக்கோடு ஓடுகிறது.

"என்னை மன்னிச்சுடு தாயி" என்று முனகியது சட்டி. "பொய் சொல்லிட்டேன். எனக்கும் ஒரு வீடு வேணும்னு ஆசைப்பட்டேன். இனி வாயைத் திறந்தா விரிசலும் திறந்துடும். இந்தக் குழம்பு தீர்ற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கறேன்."

அதோடு அதன் பேச்சு நின்றது.

உண்ணாமலைக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நேரம் இல்லை. பித்தளைக் குடத்தில் ஊற்றினால் களிம்பு, பானை நிறையச் சோறு. ஈரத்துணியைச் சட்டியைச் சுற்றிப் போட்டாள். அப்பாவின் இலைக்கு எதிரே பானை வைக்கும் வைக்கோல் பிரிமணையில் இறக்கினாள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து உட்கார்ந்தாள். துணி வழியாகச் சூடு உள்ளங்கையில் ஏறியது. ஓரிடத்தில் கால் பாவாத பெண், அசையவில்லை.

"என்ன, பரிமாற மாட்டியா?" என்றார் தீர்த்தமலை.

"முடியாதுப்பா. சட்டி விரிஞ்சிருக்கு, கையை எடுத்தா போயிடும். நீங்களே எடுத்துப் போட்டுக்குங்க."

அவர் அவளை முறைத்தார். விருந்தாளி எந்த வீட்டில் தானே எடுத்துப் போட்டுக்கொள்வான்? எழுந்து போவதற்கு இதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் பார்வை அவள் கைக்குப் போனது. விரல்கள் சிவந்திருந்தன, பிடி தளரவில்லை.

எழுந்தார். தோள்துண்டை எடுத்து நனைத்தார், அவள் கைக்கு அடியில் மடித்துக் கொடுத்தார். பிறகு சோற்றுப் பானையைத் தானே இழுத்தார், அகப்பையைத் தானே எடுத்தார்.

"மாப்பிள்ளை, வெளியே என்ன வேலை? வந்து உட்காரும்" என்று சென்றாயனுக்கும் இலை போட்டுப் பரிமாறினார். தான் பிசைந்த சோற்றில் ஒரு கவளம் உருட்டி மகள் வாய்க்குக் கொண்டுபோனார். "வாயைத் திற, பாப்பா. புளி சரியா இருக்கு."

அவர் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டு வருஷக்கணக்காயிற்று.

கடைசி அகப்பை எடுத்ததும் உண்ணாமலை கையை எடுத்தாள். "போதும், இப்போ பேசு" என்றாள். கதவைத் தட்டுவதுபோல் விரலை மடக்கிச் சட்டியைத் தட்டினாள். "தொப்" என்ற சத்தம் மட்டும் வந்தது. பக்கத்தில் காலியாக இருந்த சோற்றுப் பானையைத் தட்டினாள். "டங்" என்றது. அவள் மறுபடியும் சட்டியைத் தட்டினாள், உற்றுக் கேட்டாள். விரிசல் விழுந்தது தொப் என்கிறது, விழாதது டங் என்கிறது.

அந்தச் சட்டியை அவள் தூக்கிப் போடவில்லை. வைக்கோல் பரப்பிக் கோழியை அடை வைத்தாள். கேட்டபடி அதற்கு ஒரு வீடு கிடைத்தது.

அடுத்த சந்தையில் "எனக்குக் குறை இல்லை" என்று குறை இல்லாத சட்டிகள் உண்மையைத்தான் கத்தின. உண்ணாமலை காது கொடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் தட்டினாள், டங் என்றதை எடுத்தாள். பார்த்தவர்களும் தட்டினார்கள். யாரும் கேட்காத பேச்சு எத்தனை நாளைக்கு? சட்டிகள் ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

அன்று முதல்தான் மண்சட்டி வாங்கப் போகிறவர்கள் அதனிடம் எதையும் கேட்பதில்லை. விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று காதைக் கிட்டே கொண்டுபோகிறார்கள்.