ஊருக்கெல்லாம் தீட்டு, ஒருத்தருக்கு மட்டும் இல்லை

முன்னொரு காலத்தில் மாங்குளநாடு என்றொரு நாட்டைத் திருமேனிராயன் என்கிற ராஜா ஆண்டுவந்தான். எந்தக் காலம் என்று என்னைக் கேட்காதீர்கள், அவனுக்கே சரியாகத் தெரியாது. மழை பெய்தாலும் அம்மன் கோயிலுக்கு ஓடுவான், பெய்யாவிட்டாலும் ஓடுவான். பக்தி தலைக்கேறிவிட்டால் யார் பேச்சும் காதில் விழாது.

ஆனால் மனசு தங்கம். முந்தின பஞ்சத்தில் ஒரு நெசவாளி அநாதையாகச் செத்தபோது இவனே கொள்ளி வைத்தான். "இந்த நாட்டில் பிறந்ததெல்லாம் நான் பெத்த பிள்ளைகள்" என்று அம்மன் முன்னால் எரியும் சூடத்தை அடித்துச் சத்தியமும் செய்தான்.

அப்பேர்ப்பட்ட நாட்டில் வாந்திபேதி வந்தது. நெசவாளர் தெருவில் நாலே நாளில் ஏழு பேர் போய்விட்டார்கள். ராஜா துடித்துப்போனான்.

"அம்மன் கோபமா இருக்கா. வர்ற வெள்ளிக்கிழமை தேர் இழுக்கணும். பதினெட்டு ஊரும் வரட்டும். எல்லாரும் கோயில் குளத்தில் முழுகி, அந்தத் தண்ணியையே தீர்த்தமாக் குடிச்சு, ஒரே பந்தியில் சாப்பிடட்டும்" என்றான்.

மந்திரி தெய்வச்சிலையார் எழுந்து கும்பிட்டார். "மகாராஜா, அந்தக் குளத்துத் தண்ணியில்தான் நோயே இருக்குன்னு வைத்தியர் சொல்றார். பதினெட்டு ஊரும் வந்தா, நோயும் பதினெட்டு ஊருக்குப் போகும்."

திருவிழா அதிகாரி மாணிக்கவேலனுக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. இதற்காகவே காத்திருந்தவன் போல எழுந்தான். "தீர்த்தத்தில் நோயாம். சாமி இல்லேன்னும் சொல்லிடுங்களேன் மந்திரியாரே."

ராஜாவின் முகம் சிவந்தது. "வைத்தியம் பேசாதீர். சாஸ்திரப்படி ஒரே ஒரு தடை சொல்லும், தேரை நிறுத்துறேன். இல்லாட்டி வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள நீர் இந்த நாட்டில் இருக்கக் கூடாது."

மந்திரி ஓரடி முன்னால் வந்தார்.

"வடத்தை முதல்ல தொடுறது யார் மகாராஜா?"

"வேறே யாரு, நான்தான்."

"வீட்டில் சாவு விழுந்தவன் தொடலாமா?"

"கூடவே கூடாது. பதினாறு நாள் கழிஞ்சு தீட்டுப் போகணும்."

"அப்படின்னா நீங்க தொடக் கூடாது. உங்க வீட்டில் ஏழு பிள்ளைகள் செத்திருக்காங்க."

மாணிக்கவேலன் சிரித்தான். "அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"சூடத்தை அடிச்சுப் பேச்சுக்கா சொல்லுவேன்?" என்று ராஜா அவனைப் பார்த்தான். அப்புறம் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். தேரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவன், செத்தவர்களில் ஒருவர் பேரைக்கூடக் கேட்கவில்லை. அது அவனைச் சுட்டது.

"ராஜாவுக்குத் தீட்டுன்னா, செத்தவங்களோட கூடப்பிறந்த நாட்டுக்காரங்க எல்லாருக்கும் தீட்டு" என்றார் மந்திரி. "கடைசிச் சாவிலிருந்து பதினாறு நாள் யாரும் வாசலைத் தாண்டக் கூடாது. குளத்தில் கால் வைக்கக் கூடாது. தீட்டு வீட்டில் கொதிக்க வைக்காத தண்ணி ஆகாது."

அந்தக் கடைசி விதி எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மந்திரியும் சொல்லவில்லை.

மாணிக்கவேலன் விடுவானா? "மகாராஜா, எங்க வம்சம் வேறே. இந்த நெசவுக்காரங்களுக்கு நான் அண்ணனுமில்லை, தம்பியுமில்லை. எனக்குத் தீட்டே கிடையாது. வடத்தை நான் தொட்டு வைக்கிறேன்."

ராஜா கண்ணைத் துடைத்தான். "சத்தியமாத் தீட்டில்லையா?"

"சத்தியமா இல்லை."

"ரொம்ப நல்லதாப் போச்சு. தீட்டு வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போகத் தீட்டில்லாத ஆள்தானே வேணும்? இந்த ஊரிலேயே நீ ஒருத்தன்தான் இருக்கே. நோய் கண்ட வீட்டுக்கெல்லாம் உப்புக் கஞ்சியும் கொதிச்ச தண்ணியும் நீயே கொண்டு போ. தேர் அப்புறம்."

வைத்தியர் சொல்லிக் கேட்காத ஊர், தீட்டு என்றதும் வீட்டோடு அடங்கியது. பட்டு அங்கவஸ்திரத்தை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு மாணிக்கவேலன் மாட்டுவண்டியில் அண்டாவோடு அலைந்தான். முதல் ரெண்டு நாள் வாயில் வராத வசவு இல்லை. மூணாம் நாள் கஞ்சியில் உப்புச் சரியா என்று பார்க்க ஆரம்பித்தான். நடுவில் இன்னும் ரெண்டு பேர் போனார்கள். பதினாறும் முதலிலிருந்து தொடங்கியது.

அதில் பதினாலாம் நாள் வெள்ளையம்மா என்கிற நெசவுக்காரி கண் செருகிக் கிடந்தாள். மாணிக்கவேலன் வண்டியை அவிழ்த்துவிட்டு, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கரண்டி கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர் புகட்டினான். "அம்மா தாயே, இவளை விட்டுடு" என்று வேண்டிக்கொண்டேயிருந்தான். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, "உப்புக் கூடுதல்" என்றாள்.

பதினாறு நாளும் சாவில்லாமல் கழிந்தது. தேர் கிளம்பும் நாளில் ராஜா முதலில் ஒன்பது பேரின் பெயரையும் சொல்லிக் கும்பிட்டான். பரிவட்டத்தை மந்திரியின் தலையில் தன் கையாலேயே கட்டினான். "என் பக்தியை வைச்சே என் பிள்ளைகளைக் காப்பாத்திட்டீர்" என்றான்.

பிறகு திரும்பிப் பார்த்தான். "மாணிக்கவேலா, அன்னைக்கு வடம் தொடணும்னியே, வா."

அவன் வெள்ளையம்மாவுக்குப் பின்னால், நெசவாளர்களோடு நின்றிருந்தான். "இங்கேயே இருக்கேன் மகாராஜா. எனக்கும் இன்னைக்குத்தான் தீட்டுக் கழிஞ்சது."

ராஜா வடத்தைத் தொட்டான். தேர் நகர்ந்தது.