சுவரின் உயரம்

தேரிக்காட்டு மடத்தில் முற்றம் பெருக்குகிற வேலை மாசிலாமணியுடையது. வயது எழுபத்து நான்கு. குரு அழகம்மைக்கு அவரைவிட முப்பது வயது குறைவு. "விழுந்து கும்பிட மாட்டேன், திருநீறு பூச மாட்டேன், கேள்வி கேட்பேன்" என்று சொல்லித்தான் மாசிலாமணி இரண்டு வருஷத்துக்கு முன் வந்து சேர்ந்தார். மனைவி போன பிறகு வீட்டில் அவர் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

"கேளுங்க. அதுவரைக்கும் பெருக்குங்க" என்று குரு துடைப்பத்தைக் கொடுத்தார்.

தேரி மணல்மேட்டில் காற்று ஓயாது. காலையில் பெருக்கினால் மத்தியானத்துக்குள் செம்மண் வந்து படிந்துவிடும். மாசிலாமணி மறுபடி பெருக்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரில் அவர் எழுதிய புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் வரலாறு. நூறு நாற்காலி போட்டார். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மைக் செட்டுக்காரர்கள். தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை மூன்றையும் அவரே பேசினார். திங்கட்கிழமை புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு மடத்துக்குத் திரும்பினார். மூன்று நாள் பெருக்க மட்டும் செய்தார்.

நான்காம் நாள் துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அம்மா, உலகம் உண்டான கதை எது கிடைச்சாலும் நான் படிச்சிருக்கேன். கிழிக்கிறதுக்குன்னே படிச்சது."

"அது தெரியுது."

"ஒருத்தன் தண்ணி மேல மிதக்கான். ஒருத்தன் தாமரையில உக்காந்திருக்கான். ஒருத்தன் மண்ணைப் பிசையுதான். இன்னொருத்தன் தலையில இருந்து ஒரு கூட்டத்தையும், தோள்ல இருந்து ஒரு கூட்டத்தையும், கால்ல இருந்து எங்களையும் பெத்துப் போடுதான். இன்னைக்கும் அதே கதைதான். முதலாளி மாடியில, நாங்க அளத்துல. கேட்டா, படைப்பு அப்படிங்கான். நாப்பது வருஷம் மேடை மேடையா இதைத்தான் நாறடிச்சேன்."

"நாற வேண்டியதுதான். கேள்வி என்ன?"

"நான் படிச்ச எல்லாக் கதையிலயும் முதல்ல ஒருத்தன் தனியா இருக்கான். ஒரு துணைகூட இல்லாம. அது ஏன்?"

கேலியாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

"உங்க புத்தகத்தை எடுங்க, தோழரே. முதல் பக்கம் வாசிங்க" என்றார் குரு.

மாசிலாமணி கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். மேடைக் குரலில் வாசித்தார்.

"'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்று. உப்பளத்தில் சங்கம் இல்லை. கேட்க நாதி இல்லை. வெள்ளை உப்பும் கறுத்த மௌனமும் மட்டுமே இருந்தன. நான் ஒருவனே எழுந்தேன். எட்டு மணி நேரம்தான் வேலை என்று கம்பெனிச் சுவரில் எழுதினேன். சங்கம் பிறந்தது.'"

வாசித்து முடித்தபோது அவர் முதுகு தானாக நிமிர்ந்திருந்தது.

குரு அடுப்படிக்குப் போய் ஒரு கரித்துண்டு எடுத்து வந்து அவரிடம் நீட்டினார்.

"அதை இந்தச் சுவத்துல எழுதுங்க."

"இப்பத்தான வெள்ளையடிச்சது?"

"அடிச்சா அடிச்சது. எழுதுங்க."

மாசிலாமணி நெஞ்சு உயரத்தில் ஆரம்பித்தார்.

"இந்த உயரத்துலதான் எழுதினீங்களா?"

"இல்ல, அது ரொம்ப மேல. கீழ எழுதினா வாட்ச்மேன் கையாலேயே அழிச்சிருவான். மேல எழுதினா அவன் ஏணி தேடிப் போகணும். ஏணி வாரதுக்குள்ள வேலைக்கு வார ஆள் பூராவும் வாசிச்சிரும்."

"கெட்டிக்காரர்தான். உங்ககிட்ட ஏணி இருந்ததா?"

"ஏணிக்கு நாங்க எங்க போக?"

"அப்ப எதுல ஏறி நின்னீங்க?"

எழுத ஆரம்பித்த கை அப்படியே நின்றது.

"தோள்ல."

யார் தோள் என்று குரு கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகினார். சுவரோரமாகக் குந்தி உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

"ஏறுங்க."

மாசிலாமணி பதறி விலகினார். "என்னம்மா இது? உங்க தோள்ல நான் காலை வைக்கவா?"

"குருன்னு கும்பிட மாட்டேன்னு சொன்னவர்தான நீங்க?"

"அதுக்காக? ஒரு மனுஷத் தோள்ல போய்..."



குரு சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அன்னைக்கு யாரு?"

"சூசை."

அந்தப் பெயரை அவர் வாய் சொல்லி நாற்பது வருஷம் இருக்கும்.

"மூட்டை சுமந்து அவன் தோள்ல புண்ணு. என் கால் பூரா உப்புத்தண்ணி. 'எரியுதுலே, சீக்கிரம் எழுது'ன்னான். பெறகு சிரிச்சான். 'தமிழ்ல எதுக்குலே இத்தனை எழுத்து'ன்னு."

"புத்தகத்துல எத்தனாவது பக்கத்துல வாரார்?"

"வரல."

"ஏன்?"

"எண்பத்து மூணு வேலைநிறுத்தத்துல, வேலைக்குத் திரும்புதேன்னு கம்பெனிக்காரன் நீட்டின தாள்ல கையெழுத்துப் போட்டான். வீட்டுல புள்ளைக்குக் காய்ச்சல்னான். துரோகி."

"எண்பத்து மூணுல போட்ட கையெழுத்துக்கு எழுபத்தொண்ணுலயே அவர் பேரை எடுத்துட்டீங்களா?"

அவர் கரியைக் கைக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேற யார் பேராவது இருக்கா?"

"ஒருத்தன் கட்சி மாறினான். ஒருத்தன் பயந்தான். ஒருத்தன் நிலம் வாங்கினான். கடைசி வரைக்கும் நின்னவன் பேர் மட்டும் போதும்னு வச்சேன்."

"நின்னது?"

"நான்தான்."

"சூசை இருக்காரா?"

"இருக்கான். என் வீட்டுல இருந்து நாலு வீடு தள்ளி. ஞாயித்துக்கிழமை மண்டப வாசல் வரைக்கும் வந்தான். பேனரை அண்ணாந்து பார்த்தான். அதுல என் படம் மட்டும்தான் இருந்தது. உள்ள நூறு நாற்காலி கிடந்தது அம்மா. அவன் வரல. திரும்பிப் போயிட்டான்."

காற்று அடித்தது. காலையில் பெருக்கின முற்றத்தில் செம்மண் மெல்லப் படிந்தது.

குரு எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். துடைப்பத்தை அவரே எடுத்தார்.

"என் கேள்விக்குப் பதில் சொல்லலையே அம்மா" என்றார் மாசிலாமணி. குரல் மிகவும் தணிந்திருந்தது. "முதல்ல அவன் ஏன் தனியா இருந்தான்?"

"முதல்ல எங்க தனியா இருந்தான், தோழரே? இருந்ததா எழுதி வச்சான். எழுதினது கடைசியில பலிச்சிட்டுது."