கடல் தொட்டுப் பார்த்த உருண்டைகள்

கடலுக்கும் கரைக்கும் நடுவே கிடந்த ஈரமணல் யாருக்கும் சொந்தமாகாத அந்தக் காலத்தில், நண்டுகள் பேசின. கடலும் பேசியது. ஒருநாள் அது சொன்னது: "நான் வற்றுகிற நேரத்தில் ஈரமணலில் ஏதாவது ஒரு வேலைப்பாடு செய்து காட்டுங்கள். காட்டியவர்கள் அங்கேயே குடியிருக்கலாம். அமாவாசை வரை பொறுப்பேன்."

கடல்நத்தை ஊர்ந்து ஊர்ந்து ஒரே கோட்டில் பெரிய சுழி போட்டது. உள்ளான் குருவி மூன்று விரல்களைப் பதித்துக் கொடி வரைந்தது. மிச்சம் இருந்தவன் கடுகன், பட்டாணி அளவு நண்டு. அவன் மனைவி செவத்தியின் வயிற்றுக்கடியில் முட்டைகள் திரண்டிருந்தன. ஈரமணலில் வளை கிடைத்தால் அங்கிருந்தே முட்டைகளைக் கடலில் விடலாம். இல்லாவிட்டால் மேலே காய்ந்த மணலுக்குப் போகவேண்டும். அங்கே முட்டைகள் உலர்ந்துவிடும்.

இது கடுகனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் கண்கள் காம்பின்மேல் நின்றன. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. சுழியைப் பார்த்தால் சுழிதான் சரி என்று பட்டது, கொடியைப் பார்த்தால் கொடி. வலப்பக்கம் ஓடுவான், நிற்பான், எதற்கு வந்தோம் என்று மறந்து இடப்பக்கம் ஓடுவான். அதற்குள் கடல் ஏறிவிடும்.

"இன்னைக்கும் ஒண்ணும் ஆகலையா?" என்றாள் செவத்தி.

"மணல் ரொம்ப ஈரம், புள்ள. கை வச்சா கொழையுது."

"நேத்து காய்ஞ்சு கெடக்குன்னீங்க."

"நேத்து காய்ஞ்சுதான் கெடந்துச்சு." கொஞ்சம் யோசித்தான். "எப்படியும் கடல் வந்து அழிச்சிடும். அழியப்போறத எதுக்கு இன்னைக்கே பண்ணணும்?"

"மறுபடி பசிக்கும்னு சாப்பிடாமலா இருக்கீங்க? இப்பக்கூட வாய் நெறைய மணலு."

உண்மைதான். மணலை வாயில் அள்ளி, அதில் ஒட்டியிருக்கும் இரையைச் சப்பிவிட்டு உதறிப் போடுவது அவன் வழக்கம். அன்று உதறவில்லை. வாயிலிருந்து அதைக் கொடுக்கால் எடுத்துக் கீழே வைத்தான். உருண்டையாக இருந்தது.

"இது வேலைப்பாடா?"

"எனக்கென்ன தெரியும்? இன்னொண்ணு வைங்க."

இன்னொன்று வைத்தான். அது உடைந்தது. கடல் வந்து இரண்டையும் கொண்டுபோயிற்று.

மறுநாள் பத்து வைத்தான், ஆறு உடைந்தன. அதற்கடுத்த நாள் எத்தனை என்று தெரியவில்லை. இதைத்தான் செய்யவேண்டுமா, செய்யவேண்டியது வேறொன்றா என்ற குழப்பம் தீரவே இல்லை. குழம்பிக்கொண்டே உருட்டினான். உள்ளான் பக்கத்தில் வந்து நின்று, "என்ன மாப்ளே, அடுப்பு மூட்டாமலே உருண்டை பிடிக்கிறே, யார் வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டது. கடுகன் அடுத்த உருண்டையை வைத்தான். வாயில் மணல் இருந்தது. எவ்வளவு ஈரம் இருந்தால் உருண்டை நிற்கும் என்பது இப்போது உதட்டுக்கே தெரிந்திருந்தது. எப்போது தெரிந்தது என்பதுதான் தெரியவில்லை.

அமாவாசையன்று காலையில் கடல் வெகுதூரம் வற்றியது. கடுகன் ஈரமணலில் ஒரு வளை தோண்டி, அதன் வாசலிலிருந்து நாலாபக்கமும் உருண்டைகளை வரிசை வரிசையாக அடுக்கினான். ஓடிவந்து உள்ளே புக நடுவில் ஒரு வழி விட்டான். முடித்துவிட்டுப் பார்த்தபோது, இதை யார் செய்தது என்று ஒரு கணம் அவனுக்கே விளங்கவில்லை.

கடல் பார்க்க வந்தது. கடலுக்குக் கண் கிடையாது, தொட்டுத்தான் பார்க்கும். ஓர் அலை வந்தது. மணல் மழமழவென்று கிடந்தது.

"இடம் உண்டா, இல்லையா?" என்று கத்தினான் கடுகன்.

"நன்றாகத்தான் இருந்தது போல" என்றது கடல். "முழுசும் தடவுவதற்குள் கரைந்துவிட்டது. எங்கே, இன்னொரு தடவை போடு."

இது சம்மதமா, மறுப்பா? செவத்தியிடம் கேட்கலாம் என்று திரும்பினான். அவள் அலைக்குள் நின்று வயிற்றை உதறிக்கொண்டிருந்தாள். முட்டைகள் நீரோடு போய்க்கொண்டிருந்தன.

"ஏ புள்ள! அது இன்னும் ஒண்ணும் சொல்லலையே!"

"சொல்றப்ப சொல்லட்டும். தண்ணி எறங்குது பாருங்க, ஆரம்பிங்க."

அன்று முதல்தான் கடல் வற்றும்போதெல்லாம் அந்தப் பொடி நண்டுகள் வளையைச் சுற்றி மணலுருண்டை அடுக்குகின்றன. நடுநடுவே வேலையை நிறுத்தி, கண்ணைத் தூக்கிக் கடலைப் பார்க்கின்றன. கடல் இன்னும் சரியாகப் பதில் சொல்லவில்லை.