மலையிறங்கிய பிக்கப்

போடிமெட்டில் வண்டி பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் பவளக்கொடிக்கு முப்பத்தாறு வயது. அவளிடம் தொழில் கற்க வந்த சின்னையனுக்கு ஐம்பது. அவர் அவளை மேஸ்திரியம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அன்று ஒரு ஃபோர்வீல் பிக்கப்பின் முன் ஆக்சில் சீலை முதன்முறையாக அவரே தனியாக மாற்றினார். சின்ன ரப்பர் வளையம்தான். கிழிந்தால் கியர் ஆயில் கசிந்து பிரேக்கில் இறங்கிவிடும்; பிரேக் பிடிக்காது.

மதியம் வண்டி மலையிறங்கியது. சாயங்காலம் போடியில் பெண்ணழைப்பு. முன்சீட்டில் மணப்பெண், பின்னால் பத்துப் பேர்.

கை கழுவும்போதுதான் சின்னையனுக்கு உறைத்தது. ஆக்சிலை உள்ளே தள்ளுகையில் ஓர் உரசல், துணியில் நகம் மாட்டினாற்போல. அவர் கை சோப்பு நுரையோடு அப்படியே நின்றது.

சொன்னால் வேலை போகும். கீழே பதினேழு வளைவுகள். இந்நேரம் மூன்றாவதில் இருப்பார்கள். நான்காவதில்.

"மேஸ்திரியம்மா..."

"சொல்லுங்கண்ணே."

"ஆக்சில் சீல்ல உரசுன மாதிரி இருந்துச்சு."

"கிழிஞ்சுருச்சா?"

"தெரியலம்மா. என் பிரமையாக்கூட இருக்கலாம்."

அவள் டிரைவர் வேலாண்டிக்குப் போன் போட்டாள். சிக்னல் இல்லை. ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பைக்கை எடுங்க."

ஒவ்வொரு வளைவிலும் அவர் கண் முதலில் தடுப்புச் சுவரைத்தான் தேடியது. இடிந்திருக்கிறதா? ஓரிடத்தில் சாலை நடுவே எண்ணெய்க் கறை. அவர் பைக்கின் வேகத்தைக் குறைத்தார்.

"பழசு," என்றாள் பின்னாலிருந்து. "போங்க."

பன்னிரண்டாவது வளைவில் வண்டி தெரிந்தது. முந்திப்போய் பைக்கைக் குறுக்கே நிறுத்தினார்.

சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, முன்சக்கரத்தைக் கழற்றி, ஆக்சிலை உருவினார்கள். ஒன்றரை மணி நேரம். மணப்பெண் தடுப்புச் சுவரோரம் நின்று புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பவளக்கொடி டார்ச்சை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். விளிம்பு முழுக்க விரலால் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார். நிமிர முடியவில்லை.

வேலாண்டி கத்தினான். "ஒண்ணுமில்லாததுக்கு நடுரோட்டுல நிறுத்திப் போட்டாரே! பொண்ணழைப்புக்குக் காத்திருக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்த ஆளை வச்சு என்ன வேலைதாம்மா வாங்குறீங்க?"

அவள் ஆக்சிலைத் துடைத்துச் சின்னையனின் கையில் கொடுத்தாள்.

"மெதுவா மாட்டுங்கண்ணே," என்றாள்.

பிறகு வேலாண்டியிடம் திரும்பினாள்.

"வந்து ஒரு வருஷமாச்சு. இன்னைக்குத்தான் நிஜமான வேலை பார்த்திருக்கார்."